மணி நின்றால் கதவு சாத்தப்படும்

நாடாளுமன்றத்தின் பெரிய வாசலில் நிற்கும் அந்த அம்மாளின் சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. மற்றபடி ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி, உணவகத்தில் தேநீர் ஊற்றுகிறவர், பத்திரிகைக்காரர்கள் எல்லோருக்கும் அவள் தாழ்ப்பாள் அக்கா. முதுகுக்குப் பின்னால் வெறும் தாழ்ப்பாள். அது அவளுக்கும் தெரியும். கோபமெல்லாம் இல்லை. பட்டப்பெயர் வைக்கிற அளவுக்காவது பெரிய மனிதர்கள் கண்ணில் பட்டோமே என்று சிரித்துக்கொள்வாள்.

இந்த வேலைக்கு வருமுன் அவள் ஒரு சினிமா தியேட்டரில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தாள். புதுப்படம் வெளியாகும் நாளில் முண்டியடித்துக்கொண்டு வரும் கூட்டத்தைத் தனியாளாக நின்று ஒழுங்குபடுத்தியவள். நாடாளுமன்ற வேலைக்கான நேர்முகத் தேர்வில், கூட்டத்தைச் சமாளிக்கத் தெரியுமா என்று கேட்டிருக்கிறார்கள். "முதல் நாள் முதல் காட்சிக்கு வாசல்ல நின்னிருக்கேங்க" என்றாளாம். அதற்கு மேல் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

அவள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். சபையில் எதற்காவது வாக்கெடுப்பு என்றால் கட்டடம் முழுக்க மணி அடிக்கும். உறுப்பினர்கள் அப்போது எங்கெங்கோ இருப்பார்கள். உணவகத்தில் பாதிப் பேர், நூலகத்தில் நாளிதழை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்குகிறவர்கள் சிலர், தொலைபேசியில் யாரையாவது திட்டிக்கொண்டு இருப்பவர்கள் சிலர். மணி அடிக்கும் நேரம் முழுவதும் அவர்கள் ஓடிவந்து உள்ளே போகலாம். மணி நின்றதும் தாழ்ப்பாள் அக்கா "வாசல்" என்று மூன்று தடவை குரல் கொடுப்பாள். மூன்றாவது குரல் முடிந்ததும் இரண்டு கதவையும் இழுத்துச் சாத்தி, வெளிப்பக்கத்துப் பித்தளைத் தாழ்ப்பாளைப் போட்டு, பூட்டி, சாவியைக் கையில் வைத்துக்கொள்வாள். அதே நேரத்தில் மற்ற மூன்று வாசல்களும் மூடிவிடும். பிறகு முடிவை அறிவிக்கும்வரை ஈ, எறும்பு கூட உள்ளே போக முடியாது.

ஒருமுறை ஒரு கொழுத்த உறுப்பினர் கடைசி நொடியில் பாய்ந்தார். அவர் வெளியே நின்றுவிட்டார், அவருடைய கோட்டின் ஒரு பக்கம் மட்டும் கதவிடுக்கில் மாட்டி உள்ளே போய்விட்டது. கோட்டு உள்ளே இருக்கிறதே, என் வாக்கில் பாதியாவது கணக்கில் சேரக்கூடாதா என்று அவர் சண்டை போட்டதைச் சொல்லிச் சொல்லி உணவகத்தில் இன்னும் சிரிக்கிறார்கள். வாக்கெடுப்பு முடியும்வரை மனிதர் கதவோடு கதவாக நின்றார். தாழ்ப்பாள் அக்கா ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாளே தவிர, கதவைத் திறக்கவில்லை.

முதல் நாளே சபைச் செயலர் அவளிடம் ஒன்று சொல்லியிருந்தார். இந்த வாசலைத் திற என்று சொல்ல நாட்டில் ஒரே ஒருவருக்குத்தான் உரிமை. அது சபாநாயகர். அமைச்சர், பிரதமர், ராணுவத் தளபதி என்று எந்தக் கொம்பனும் இந்த வாசலுக்கு வேற்றாள். நாட்டை ஆள்கிறவர்கள் வேறு, சட்டம் போடும் சபை வேறு என்று அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்களாம். அவளுக்கு அரசியல் சட்டம் எந்த நிறத்து அட்டையில் வரும் என்று கூடத் தெரியாது. ஆனால் இந்த ஒரு விஷயம் அவளுக்கு உடனே பிடித்துப்போனது. தியேட்டரில் போலீஸ்காரர் குடும்பம், வட்டச் செயலாளர் குடும்பம் என்று யாரெல்லாமோ டிக்கெட் இல்லாமல் உள்ளே நுழைவார்கள், அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வழி விடுவாள். இங்கே அந்தத் தலைவலி இல்லை. அந்த நிம்மதிக்காகவே சம்பளம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை என்று இருபது வருடத்துக்கு மேல் நின்றுவிட்டாள்.

அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. கூடப் பிறந்தவன் ஒரே ஒரு தம்பி. அம்மா போனபிறகு அவனை வளர்த்தது, படிக்க வைத்தது, படிப்பு ஏறவில்லை என்று தெரிந்ததும் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் கடை வைத்துக் கொடுத்தது எல்லாம் அவள்தான். கல்யாண வீடு, பள்ளிக்கூட ஆண்டு விழா, கட்சிக் கூட்டம், யார் கேட்டாலும் மைக்கும் பெட்டியும் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வருவான். என்ன பேசுகிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்கமாட்டான். கரகரப்பு வராமல் இருந்தால் அவனுக்குப் போதும்.

அந்த வருடம் எரிபொருள் தட்டுப்பாடு வந்தது. பெட்ரோல் நிலையங்களில் அடிதடி, நாலு ஊரில் தீவைப்பு. அரசாங்கம் அவசரநிலை அறிவித்தது. அவசரநிலையில் யாரையும் பிடிக்கலாம், ஏன் பிடித்தோம் என்று சொல்ல வேண்டியதில்லை, நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டியதும் இல்லை. கலவரம் ஒரு மாதத்தில் அடங்கிவிட்டது. அவசரநிலை மட்டும் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டது. சந்தைக்குள் விலைவாசியைக் கண்டித்து ஒரு கூட்டம் நடந்தபோது போலீஸ் வந்து பேசியவர்களைப் பிடித்தது, கேட்டவர்களைப் பிடித்தது, மைக் கட்டியவனையும் சேர்த்துப் பிடித்தது. பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். பெட்டிகளுக்காவது ரசீது கொடுத்தார்கள். தம்பிக்கு அதுவும் இல்லை.

ஐந்து மாதம் ஆயிற்று. தம்பி மனைவி சின்னப் பெண். வாடகை வீட்டைக் காலிசெய்துவிட்டு அக்காவோடு வந்து தங்கிக்கொண்டாள். பார்க்க விடுவது மாதத்துக்கு ஒரு தடவை. கம்பிக்கு அந்தப் பக்கம் தம்பி தலையைக் குனிந்துகொண்டு நிற்பான். எப்போதும் வளவளவென்று பேசுகிறவன், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வான். அருகில் நிற்கும் காவலர் இருமினால்கூடத் திடுக்கிட்டு நிமிர்வான், பிறகு மறுபடி குனிந்துகொள்வான். அதைப் பார்த்துவிட்டு வரும் நாளெல்லாம் தாழ்ப்பாள் அக்காவுக்குச் சோறு இறங்காது. வக்கீலிடம் போனால் அவரும் கையை விரித்தார். அவசரநிலை இருக்கிறவரை நீதிபதி கேள்வியே கேட்க முடியாதம்மா என்றார்.

ஆனால் அரசியல் சட்டம் எழுதினவர்கள் ஒன்றும் விவரம் கெட்டவர்கள் இல்லை. அரசாங்கம் தானாக அவசரநிலை அறிவிக்கலாம், ஆனால் ஆறு மாதம்தான் அதற்கு ஆயுள். அதற்கு மேல் நீட்டிக்க வேண்டுமென்றால் சபைக்கு வந்து கேட்க வேண்டும். சபையில் மூன்றில் இரண்டு பங்கு சரி என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அன்று நள்ளிரவோடு அவசரநிலை தானாகச் செத்துப்போகும். யாரும் ரத்து செய்யக்கூட வேண்டியதில்லை.

அந்த ஆறாவது மாதத்தின் கடைசி நாளில் வாக்கெடுப்பு வைத்தார்கள். சபையில் மொத்தம் முந்நூறு பேர். இழுபறியாக இருக்கும் என்று வானொலி காலையிலிருந்து கத்திக்கொண்டே இருந்தது. தாழ்ப்பாள் அக்கா சீருடைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தபோது தம்பி மனைவி வந்து வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, நான் உங்ககிட்ட இதுவரைக்கும் ஒண்ணும் கேட்டதில்ல. வேண்டாம்னு சொல்றவங்க கடைசி ஆள் உள்ள போற வரைக்கும் கதவைச் சாத்திடாதீங்க. கொஞ்சம் பிடிச்சு வைங்க. அவ்வளவுதான் கேக்கறேன்."

தாழ்ப்பாள் அக்கா அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தட்டிவிட்டுக் கிளம்பிவிட்டாள். பேருந்தில் உட்கார்ந்ததும்தான் அந்தப் பெண் கேட்டதை நினைத்துப் பார்த்தாள். இருபது வருடத்தில் ஒரு நொடி முந்தியோ பிந்தியோ அவள் கதவைச் சாத்தியதில்லை. ஆனால் ஒரு நொடியை யார் பார்க்கப்போகிறார்கள்? அப்படி ஒரு நினைப்பு வந்தது உண்மை. வரவில்லை என்று சொன்னால் நான் உங்கள் காதில் பூச்சுற்றுகிறேன் என்று அர்த்தம்.

அன்று நாடாளுமன்றம் தேன்கூட்டில் கல் விழுந்த மாதிரி இருந்தது. தாழ்வாரத்தில் நடக்க இடமில்லை. ஆளுங்கட்சிக் கொறடா தன் ஆட்களை யாரும் கடத்திவிடக்கூடாதென்று மாடியில் ஒரு பெரிய அறையில் உட்கார வைத்து, அவர்கள் கழிப்பறைக்குப் போனால்கூடப் பின்னாலேயே ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார். எதிர்க்கட்சிக்காரர்கள் விரல்விட்டு எண்ணுவதும் கலைப்பதும் மறுபடி எண்ணுவதுமாக இருந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் தாழ்ப்பாள் அக்காவிடமே வந்து என்ன ஆகும் என்று கேட்டார்கள். "மணி அடிக்கும், மணி நிக்கும், கதவைச் சாத்துவேன்" என்றாள். குரல் என்னவோ வழக்கம்போல்தான் வந்தது. சாவியைத்தான் இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே இருந்தாள்.

மணி அடித்தது.

பார்க்க வேண்டுமே அந்தக் காட்சியை. மாடிப்படியில் ஆளுங்கட்சி மொத்தமாக இறங்கி வந்தது. எதிர்ப்பக்கத்து உணவகத்திலிருந்து எதிர்க்கட்சி பாய்ந்து வந்தது. இரண்டு கூட்டமும் பெரிய வாசலில் மோதிக்கொண்டு, தோளால் இடித்துக்கொண்டு, ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு உள்ளே போனார்கள். தாழ்ப்பாள் அக்கா ஒரு கையைக் கதவிலும் ஒரு கையைக் கூட்டத்திலும் வைத்து, தள்ளாதீங்க, வரிசையா போங்க என்று தியேட்டர் குரலில் அதட்டிக்கொண்டிருந்தாள். நாட்டின் தலையெழுத்தை எழுதப்போகிறவர்கள் எல்லோரும் சமர்த்தாக அடங்கி நடந்தார்கள். அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. என்ன இருந்தாலும் அவள் வாசல் அல்லவா?

வேண்டாம் என்று சொல்லப்போகிறவர்கள் யார் யார் என்பது அவளுக்கு மனப்பாடம். ஒவ்வொருவராக உள்ளே போகப்போக மனதுக்குள் குறித்துக்கொண்டே வந்தாள். எல்லோரும் போய்விட்டார்கள், ஒருவரைத் தவிர. விசில் ஐயா.

விசில் ஐயா ஒரு காலத்தில் கால்பந்து நடுவர். பெரிய பெரிய ஆட்டங்களுக்கு விசில் ஊதியவர். முழங்கால் போனபிறகு அரசியலுக்கு வந்தார். கைத்தடி இல்லாமல் நடக்க முடியாது. அவசரநிலையை முதல் நாளிலிருந்தே எதிர்த்துக் குரல் கொடுத்தவர். மைக் கட்டியவனையெல்லாம் எதற்குப் பிடித்தீர்கள் என்று சபையில் ஒரே ஒருவர் கேட்டார் என்றால் அது அவர்தான். அன்றைக்கென்று பார்த்து மின்தூக்கியில் கூட்டம் நிரம்பி வழிந்தது. காத்திருந்து பயனில்லை என்று படியேறி வந்துகொண்டிருந்தார்.

மணி நின்றது.

"வாசல்" என்றாள். தாழ்வாரத்தில் சபைக் காவலர்களைத் தவிர யாரும் இல்லை. கடைசித் திருப்பத்தில் கைத்தடி தரையில் தட்டும் சத்தம் கேட்டது.

"வாசல்." விசில் ஐயா திருப்பத்தில் தெரிந்தார். முகம் சிவந்து, வாய் பிளந்து, ஒரு காலை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார். ஓட்டமென்றா சொல்வது அதை? ஆனால் அவரால் அவ்வளவுதான் முடியும். ஒரு கையைத் தூக்கி, பொறும்மா, பொறும்மா என்றார்.

மூன்றாவது குரலுக்கு வாயைத் திறந்தாள். கொஞ்சம் இழுத்தால் போதும். ஒரு மூச்சு நேரம். தம்பி மனைவி வாசற்படியில் நின்ற முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது, கம்பிக்குப் பின்னால் குனிந்த தலை வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. அந்தக் கோட்டு மாட்டிக்கொண்டவர், அதற்கு முன் எத்தனையோ பேர், இதே வாசலில் இவளிடம் கெஞ்சியவர்கள். அவர்களுக்கெல்லாம் மூடிய கதவு தன் தம்பிக்காகத் திறந்து நின்றால், அப்புறம் இது என்ன வாசல்? அந்தப் பழைய தியேட்டர் வாசல்தானே?

"வாசல்" என்றாள். இழுத்துச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் தாழ்வாரம் முழுக்கக் கேட்டது. சாவியைத் திருப்பினாள். திருப்பும்போதே கண்ணீர் வந்துவிட்டது. தன் கையாலேயே தம்பியைப் பூட்டிவிட்டோம் என்று அவள் மனது அடித்துக்கொண்டது.

விசில் ஐயா வந்து சேர்ந்து கதவின்மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் தாழ்வாரத்தின் மறுமுனையில் தடதடவென்று காலடிச் சத்தம் கேட்டது.

வந்தவர் தகவல் துறை அமைச்சர், அவரும் சபை உறுப்பினர்தான். பின்னால் அவர் செயலாளர், அவருக்குப் பின்னால் இரண்டு மெய்க்காவலர்கள். அமைச்சர் இவ்வளவு நேரமும் முன்வாசல் படிக்கட்டில் தொலைக்காட்சிக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். தீர்மானம் நிறைவேறிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள், மக்களின் பாதுகாப்புக்கு இது பெரிய வெற்றி என்று வெற்றியை முன்கூட்டியே அறிவித்துக்கொண்டிருந்தார். அந்த உற்சாகத்தில் மணி அடித்ததும் காதில் விழவில்லை, நின்றதும் விழவில்லை. கூட இருந்த கொறடாவின் ஆள் ஒருவன் இழுக்க இழுக்க, இன்னொரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் வந்தாராம். கேமராவைக் கண்டால் அவருக்குத் தலைகால் புரியாது என்பது ஊரறிந்த விஷயம்.

"திறம்மா" என்றார்.

"சாத்தியாச்சுங்க."

அமைச்சர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு நிறம் மாறியது. தான் யார் என்று சொன்னார். இது என்ன வாக்கெடுப்பு தெரியுமா என்று கேட்டார். நாளைக்கு இந்த வாசலில் நிற்கமாட்டாய் என்றார். அவள் சாவியைப் பிடித்த கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, சபாநாயகர் சொன்னால் திறக்கிறேன் என்றாள். சபாநாயகர் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார், அவரிடம் எப்படிக் கேட்பது என்று அமைச்சர் கத்தினார். அதுதானே அந்த ஏற்பாட்டின் அழகே என்று எனக்குத் தோன்றுகிறது. அப்போது அங்கே யாருக்கும் அப்படித் தோன்றியிருக்காது. மெய்க்காவலர்கள் ஒரு அடி முன்னால் வந்தார்கள். சுவரோரம் நின்ற சபைக் காவலர்களும் ஒரு அடி முன்னால் வந்தார்கள். இவர்கள் சபாநாயகரின் ஆட்கள், அவர்கள் அரசாங்கத்தின் ஆட்கள். இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தாழ்ப்பாள் அக்கா கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டாள்.

அப்போது அமைச்சரின் செயலாளர் அவர் காதில் ஏதோ ஓதினார். அமைச்சரின் குரல் சட்டென்று தேனாக மாறியது.

"அந்த மைக் கட்டற பையன் உன் தம்பியாம்மா? முன்னாடியே சொல்லக்கூடாதா? ஒரு வார்த்தை போன்ல சொன்னாப் போதும், சாயங்காலம் வீட்டுல இருப்பான். கதவைத் திற. நான் மட்டும் போறேன்னு சொல்லல, இவரும் வரட்டும். ரெண்டு பேரும் போறோம். யாருக்கும் நஷ்டம் இல்ல."

தாழ்ப்பாள் அக்காவுக்கு அது தப்பே இல்லாத ஏற்பாடு மாதிரி இருந்தது. வேண்டாம் என்பவர் ஒருவர், வேண்டும் என்பவர் ஒருவர், இரண்டும் சரிக்குச் சரி. தம்பியும் வந்துவிடுவான். சாவி கையில்தான் இருக்கிறது. திரும்பி விசில் ஐயாவைப் பார்த்தாள். அவர் கைத்தடியின்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார்.

ஐந்து மாதமாக யாரிடமெல்லாமோ நடந்து, கும்பிட்டு, கெஞ்சி, இல்லை இல்லை என்று கேட்டவள் அவள். இப்போது ஒரே ஒரு போன் என்கிறார் இவர். அப்படியென்றால் இத்தனை நாளும் அவனை உள்ளே வைத்திருந்ததும் இந்த மாதிரி ஒரே ஒரு போன்தானா? அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கு வந்ததே ஒரு கோபம். இருபது வருடத்தில் அந்த வாசலில் அவளுக்கு அப்படிக் கோபம் வந்ததில்லை.

"ஐயா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா என் தம்பி வெளிய வந்துடுவான்னா, நாளைக்கு இன்னொரு வார்த்தை சொன்னா திரும்ப உள்ள போயிடுவான். அப்படி அவன் வெளிய வர வேண்டாம்."

அமைச்சர் அதற்குப் பிறகும் என்னென்னவோ சொன்னார். அவள் காதில் எதுவும் ஏறவில்லை. சாவியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், உள்ளங்கையில் அதன் பல் பதிந்தது. கடைசியில் அமைச்சர் மற்ற வாசல்களைப் பார்க்க ஓடினார். எல்லா வாசலிலும் இதே கதைதான் என்று அவருக்கே தெரியும். ஆனாலும் மனுஷன் ஓடாமல் என்ன செய்வார்?

தாழ்வாரம் அமைதியானதும் தாழ்ப்பாள் அக்கா கதவோரமாகத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மன்னிச்சுடுங்க ஐயா, உங்க ஒரு ஓட்டை நான் கெடுத்துட்டேன், என் தம்பியையும் கெடுத்துட்டேன் என்று அழுதாள். விசில் ஐயா கஷ்டப்பட்டு, முழங்காலை நீட்டியபடி, வாசலோரம் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்து சிரித்தார். தாழ்ப்பாள் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என் ஓட்டா? அம்மா, என் ஓட்டு இன்னைக்குத் தேவையே இல்ல. மத்த ஓட்டெடுப்புல உள்ள இருக்கறவங்களை மட்டும்தான் எண்ணுவாங்க. இது அப்படியில்ல. மொத்த சபையில மூணுல ரெண்டு பங்கு, இருநூறு பேர், வேணும்னு கை தூக்கணும். வராதவன் கையும் வேண்டாம்னு தூக்கின கைதான். அரசாங்கத்துக்கிட்ட இன்னைக்கு நல்லா நடமாடற ஆளுங்க சரியா இருநூறு பேர். அதுல ஒருத்தர் இப்ப தாழ்வாரத்துல ஓடிக்கிட்டிருக்கார்."

அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. இத்தனை வருடமும் உள்ளே இருப்பவர்களை வைத்து நடந்த வாக்கெடுப்புகளையே பார்த்தவள் அவள். நீட்டிக்க வேண்டியது அரசாங்கம், ஆள் சேர்க்க வேண்டியதும் அரசாங்கமே. வேண்டாம் என்கிறவர்கள் வீட்டில் படுத்துத் தூங்கினாலும் பரவாயில்லை என்று அந்தச் சட்டம் ஏற்பாடு செய்து வைத்திருந்தது அவளுக்குத் தெரியாது. அப்படியானால் விசில் ஐயாவுக்காக அவள் ஒரு மூச்சு நேரம் கதவைப் பிடித்திருந்தால்? அவரோடு ஒட்டிக்கொண்டு அமைச்சரும் உள்ளே போயிருப்பார்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே, ஐயா. அந்த ஆள் கேக்கறப்ப நான் எப்படித் தவிச்சேன்னு பாத்தீங்கல்ல?"

"சொல்லியிருந்தா, தம்பிக்காகத்தான் திறக்கலன்னு நாளைக்கு உங்க மேல பழி போட்டிருப்பாங்க. நடுவர் வாயை மூடிட்டு நிக்க வேண்டிய நேரம்னு ஒண்ணு இருக்கும்மா." முழங்காலைத் தடவிக்கொண்டே மேலும் சொன்னார்: "என் ஓட்டு தேவையில்லன்னு தெரிஞ்சும் ஏன் ஓடி வந்தேன்னு கேக்கறீங்களா? வேண்டாம்னு என் கையால தூக்கணும்னு ஆசை. அதைத்தான் கெடுத்துட்டீங்க."

அவர் சொன்னது வேடிக்கையாகத்தான். ஆனாலும் அவர் கண்ணில் கொஞ்சம் வருத்தம் இருந்தது. அவள் எழுந்து போய் அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

உள்ளே முதலில் முணுமுணுப்பு கேட்டது. பிறகு சபாநாயகரின் குரல், என்ன சொல்கிறார் என்று தெளிவாகக் கேட்கவில்லை. இருவரும் கதவில் காதை வைத்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினரும் வாயிற்காப்பாளரும் ஒரே கதவில் காதை ஒட்டிக்கொண்டு நின்ற அந்த நேரத்தில் யாராவது படம் எடுத்திருந்தால் நன்றாயிருக்கும். அப்புறம் உள்ளே கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு சத்தம். மேசையைத் தட்டும் சத்தம், கத்தும் சத்தம், யாரோ பாடும் சத்தம். வேண்டும் என்றவர்கள் நூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர்தான். விசில் ஐயா கைத்தடியைத் தூக்கி மேலே வீசினார். அது கீழே விழுந்து உருண்டது. அவர் கீழே விழாமல் இருக்க அவள் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள், சிரித்தார்கள். பிறகு சபாநாயகரின் மணி ஒரு தடவை அடித்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சீருடையை இழுத்துவிட்டுக்கொண்டு, பூட்டைத் திறந்து, தாழ்ப்பாளைத் தூக்கினாள்.

வீட்டுக்கு வந்தபோது தம்பி மனைவி தெருமுனையிலேயே நின்றிருந்தாள். விசில் ஐயாவை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று வானொலியில் முதலில் சொன்னபோது அக்காவை அவள் என்னென்ன திட்டினாளோ, அதையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பித்தாள். ஒப்பித்துக்கொண்டே கட்டிக்கொண்டாள். அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் சமைக்கவில்லை, யாருக்கும் பசிக்கவும் இல்லை.

மறுநாள் விடிந்ததும் இருவரும் சிறை வாசலுக்குப் போனார்கள். அவர்களைப்போல நூற்றுக்கணக்கானவர்கள் வந்திருந்தார்கள். யாரையும் விடச்சொல்லி உத்தரவு வரவில்லை. ஆனால் யாரையும் வைத்திருக்கச் சொல்லும் உத்தரவும் நள்ளிரவோடு போய்விட்டது. சிறை அதிகாரி வேறு வழியில்லாமல் கதவைத் திறந்துவிட்டார். ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கூச்சல், ஒரு அழுகை.

தம்பி ஒரு பிளாஸ்டிக் பையை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தான். மெலிந்திருந்தான். மனைவி ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். அவன் அவள் தலையில் ஒரு கையை வைத்தபடி, வாசலில் நின்ற காவலரைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டே நின்றான். நடக்கச் சொன்னால்தான் நடப்பான் போல இருந்தது. தாழ்ப்பாள் அக்கா அருகே போனதும் மெல்லக் கேட்டான்.

"யாரு விட்டாங்க அக்கா? யாரைப் போய்ப் பாத்தே?"

"யாரும் விடலடா. உன்னைப் பிடிச்சு வைக்க யாருக்கும் அதிகாரம் இல்லாமப் போச்சு. அவ்வளவுதான்."

அவன் யோசித்தான். காவலரைப் பார்த்தான், திறந்திருந்த கதவைப் பார்த்தான்.

"அப்ப யாருக்கும் நன்றி சொல்ல வேண்டாமா?"

"வேண்டாம். நட."

ஐந்து மாதமாகக் குனிந்திருந்த தலை அப்போதுதான் நிமிர்ந்தது. காவலரைத் தாண்டி, அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அவன் தெருவில் இறங்கி நடந்தான்.